தனியன்

காலையில் கொட்டிய சர்க்கரை மாலையிலும் அப்படியே கிடந்தது.

சாப்பாட்டு மேசைக்கு அடியில், மகள்களில் பெரியவள் டப்பாவைத் தட்டிவிட்ட இடத்தில், ஒரு பரல்கூட நகராமல். பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில், சாயங்காலம் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுப் போன அம்மா, அலுவலகத்தில் அதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு எறும்புகளைப் பற்றி அவளுக்குத் தெரியும். குடிவந்த நாளிலிருந்து நடக்கும் யுத்தம் அது. சுவரோரம் மருந்துச் சாக்பீஸால் கோடு இழுத்தால் கோட்டைச் சுற்றிக்கொண்டு வரும். டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் செத்து மிதக்கும் சொந்தபந்தங்களின் மேல் ஏறி வரும். மேசைக்கடியில் கறுப்பாகக் கம்பளம் விரிந்திருக்கும் என்று துடைப்பமும் கையுமாகத்தான் குனிந்தாள்.

வெள்ளைவெளேரென்று கிடந்தது சர்க்கரை.

மண்டியிட்டுச் சுவரோர வெடிப்பைப் பார்த்தாள். ஜன்னல் கட்டையைப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில், எப்போதும் ஒரு வரிசை ஊர்ந்துகொண்டிருக்கும் குழாயைப் பார்த்தாள். எதிலும் ஒன்றுமில்லை.

"எறும்புக்கெல்லாம் இன்னிக்கு லீவு போலம்மா," என்றாள் பெரியவள், வாய் நிறைய பிஸ்கட்டோடு.

சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லவும் மாட்டாள். இருவரும் இரட்டையர்கள், சில நிமிட முன்பின்னாகப் பிறந்தவர்கள். அந்தச் சில நிமிடத்தை வைத்துக்கொண்டு பெரியவள் வீட்டையே ஆண்டுகொண்டிருந்தாள். இருவருக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவாள். இருவருக்கும் சேர்த்து இவள் சும்மா இருந்துவிடுவாள்.

அம்மா சர்க்கரையைக் கூட்டி அள்ளிவிட்டு, காற்றுக்காக ஜன்னலைத் திறந்தாள். அப்போதுதான் கவனித்தாள். ஏசி பெட்டியின் மேல் நாளெல்லாம் உட்கார்ந்து தொண்டைக்குள் உறுமிக்கொண்டிருக்கும் புறாக்கள் இல்லை. எதிர்க் கட்டடத்தின் கம்பிகளில் காக்கை இல்லை. கீழே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு பிரஷர் குக்கர் சீறியது. ஆனால் அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று, சிறகும் காலும் கீச்சும் கலந்த ஏதோ ஒன்று, உருவி எடுக்கப்பட்டிருந்தது.

இந்த அமைதியை அவள் முதல்நாள் மதியம்தான் பார்த்திருந்தாள். பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் அவள் சோதனையாளர். வெளியே விடும் முன்பு விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும். "வீட்டுலயும் அதையேதான் செய்யுறா, ஆனா அதுக்கு நான் சம்பளம் குடுக்கறதில்ல," என்பது மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் கணவனின் பழைய ஜோக். கம்பெனி இப்போது செய்துகொண்டிருந்தது பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டு. புல்வெளிகளில் நடந்தால் விதவிதமான குட்டிப் பிராணிகள் எதிர்ப்படும். வலை வீசிப் பிடித்துப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். உருண்டு வருவது, மினுக்கிக்கொண்டு பறப்பது, தும்மினால் நெருப்பு வருவது என்று ஆயிரம் வகை. இவை அத்தனைக்கும் நடுவில் ஒன்றே ஒன்று. உலகத்தில் விளையாடும் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்று. யாருக்குக் கிடைக்கும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குத் தனியன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"இந்த கேமே அதுதாம்மா," என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். "மத்ததெல்லாம் வழியில போட்டு வெச்ச பொரி. அதைப் பாத்துட மாட்டோமான்னுதான் ஒவ்வொருத்தனும் ராத்திரி பகலா புல்லுல நடப்பான்."

அதை வரைந்தவர் அலுவலகத்தில் எல்லோரும் மாமா என்று கூப்பிடும் ஓவியர். நரைத்த தாடியும் எப்போதும் சட்டைப்பையில் ஒரு நெயில்கட்டருமாக இருப்பார். தனியனை அவர் நமக்கு முதுகைக் காட்டி நிற்பதாக மட்டுமே வரைந்திருந்தார். ஈரத்துணியை உயரமான கொக்கியில் மாட்டியதுபோல் ஒரு முதுகு, தரையைத் தொடும் கைகள். அவ்வளவுதான்.

"பலமா இருக்கிறதெல்லாம் பெரிசில்ல," என்றார் அப்போது. "யானைக்கும்தான் பலம் இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்குங்கிறதுதான் பயம். அது பக்கத்துல வரும்போது மத்ததெல்லாம் இல்லாமப் போயிடணும். முதல்ல சத்தம் போகணும், அப்புறம் உருவம் போகணும். கடைசியா அது நிக்கணும்."

"ஒண்ணே ஒண்ணுன்னா, அதோட அம்மா அப்பா, கூடப் பொறந்ததெல்லாம் எங்க போச்சு மாமா?" என்று கேட்டாள் அவள். குறை கண்டுபிடிக்கும் வாய்.

மாமா சிரித்தார். "அதெல்லாம் விளையாடறவன் கேக்கமாட்டாம்மா."

முதல்நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அது அவளிடம் வந்தது. சோதனைக்காக அவளுக்குக் கொடுத்திருந்த போனில், நாணல் உயர்ந்து நிற்கும் ஒரு புல்வெளியில் அவளுடைய சின்ன மனித உருவம் நடந்துகொண்டிருந்தது. காதில் ஹெட்போன். பூச்சிகளின் ரீங்காரமும் தவளைச் சத்தமும் புல் உரசும் ஓசையும் ஒன்றன்பின் ஒன்றாக, விளக்குகளை யாரோ அறை அறையாக அணைத்துக்கொண்டு வருவதுபோல், நின்றன. புல்லில் ஓடிக்கொண்டிருந்த குட்டிகள் ஓட்டத்தின் நடுவிலேயே இல்லாமல் போயின. பிறகு திரையின் ஓரத்தில் அந்த முதுகு. வலை வீசினாள். வலை அதன்மேல் விழுந்து, நழுவி, தரையில் கிடந்தது. 'பிடித்துவிட்டீர்கள்' என்று வரவேண்டிய வாசகம் வரவில்லை. அதற்குப் பதில் அது மெதுவாகத் திரும்பியது.

அதன் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை. தன்னை ஒருமுறை, தன் வீட்டோடும் ஆட்களோடும் சேர்த்து, யாரோ எண்ணிப் பார்த்துவிட்டதுபோல் இருந்தது. அது மட்டும்தான் நினைவிருந்தது. அதன்பிறகு திரையில் வெறும் புல். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வெறும் புல்.

சர்க்கரை கொட்டியதற்கு மறுநாள் காலை, வேனில் பிள்ளைகளை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது தெருநாய்கள் கண்ணில் படவில்லை. குப்பைத்தொட்டி அருகே எலும்பும் மீந்த சோறும் தொடாமல் கிடந்தன. ஈகூட மொய்க்கவில்லை.

"நாயெல்லாம் எங்க போச்சு?" என்று வாட்ச்மேனைக் கேட்டாள்.

"பிடிச்சிட்டுப் போயிட்டாங்களோ என்னவோ. நல்லதாப் போச்சும்மா, ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்." அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். "புறாவும் காணோம் பாத்தீங்களா? வராண்டா எவ்ளோ சுத்தமா இருக்கு."

அலுவலகத்தில் ஒலி அறைக்குப் போனாள். அந்த அறையில் இரண்டு பேர். ஒல்லியானவனுக்குத் தாளம் என்றும் குண்டானவனுக்கு மேளம் என்றும் பட்டப்பெயர். காலையிலிருந்து மாலைவரை சண்டை. சாப்பாடு மட்டும் ஒரே டப்பாவில். தனியன் வரும்போது ஓசைகள் நிற்கும் முறை சரியாக இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்க நினைத்திருந்தாள். தாளம் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"மேளம் வரலையா?"

"யாரு?"

"உன் ஜோடிதான். மேளம்."

அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். "எனக்கு ஏன் தாளம்னு பேர் வெச்சாங்கன்னே இன்னும் தெரியல அக்கா. இதுல மேளம் வேறயா?"

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. அறையில் ஒரே மேசை. ஒரே நாற்காலி. இன்னொன்று இருந்ததற்கான அடையாளம், ஒரு கீறல்கூடத் தரையில் இல்லை. சுவரில் மேளம் சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க்கறை படிந்திருந்த இடம் புதுச் சுண்ணாம்புபோல் இருந்தது.

நேராக மாமாவின் மேசைக்குப் போனாள். சோதனைப் போனை அவர் முன்னால் வைத்தாள்.

"மாமா, மேளம் எங்க?"

"சவுண்டுக்கு எப்பவும் ஒருத்தன்தானேம்மா." பிறகு அவர் திரையைப் பார்த்தார். வெறும் புல்லின் நடுவில், அவள் கவனிக்காத ஏதோ ஓர் இடத்தில், அவர் கண்கள் நின்றன. போனைக் கண்ணருகே கொண்டுபோனார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் உதடுகள் வெளுத்தன.

"நான் இதுக்கு முகம் வரையலம்மா," என்றார். "முகமே வரையல நான்."

போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ அன்னிக்குக் கேட்டியே. கூடப் பொறந்ததெல்லாம் எங்க போச்சுன்னு." குரல் காற்றாகத்தான் வந்தது. "கூட இருக்கிறதையெல்லாம் இல்லாமப் பண்ணினாத்தானே அது ஒண்ணே ஒண்ணு ஆக முடியும். உன் வீட்டுல… உனக்கு ரெட்டைப் பிள்ளைங்க இல்ல?"

பையை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கிவிட்டாள்.

பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரெண்டு பேரும் இருப்பாங்க. ரெண்டு பேரும் இருப்பாங்க. மழை இருட்டிக்கொண்டு வந்தது. மரங்கள் காற்றில் தலையை விரித்து ஆடின. ஆனால் எந்த மரத்திலிருந்தும் ஒரு பறவையும் கிளம்பவில்லை. பள்ளி வாசலில் வகுப்பாசிரியை வந்து, "என்னம்மா, திடீர்னு?" என்றபோது, "வீட்டுல கொஞ்சம் வேலை" என்று மட்டும் சொல்ல முடிந்தது. வராண்டாவின் கடைசியிலிருந்து ஒரு பை தோளில் ஆட, ஒரு குட்டி உருவம் வந்தது. ஒன்று.

"நான் ஷூ லேஸ் கட்டி முடிக்கிறதுக்குள்ள இவ என்னை விட்டுட்டு வந்துட்டாம்மா!" என்று கத்திக்கொண்டே பின்னால் இன்னொன்று ஓடிவந்தது.

மண்டியிட்டு இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மழைக்கு முன்பான அந்தப் புழுக்கத்தில் இருவர் தலையிலும் வேர்வையும் ரப்பர் வாசனையும் சாக்பீஸ் தூளும். "மூச்சு முட்டுதும்மா," என்றாள் பெரியவள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டாள். ஜன்னல்களை அடைத்தாள். மாமாவுக்குப் போன் செய்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி செய்தாள். அதே குரல், அதே பொறுமை. சோதனைப் போனை மாமாவின் மேசையிலேயே விட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அது அங்கே. நாங்கள் இங்கே.

மழை கொட்டத் தொடங்கி, ஆறு மணிக்கே இருட்டி, கரண்ட் போனது.

"ஐயோ! டிவி!" என்றாள் பெரியவள்.

இருட்டில் தடவித் தடவி இருவரையும் இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, இடப்பக்கம் சின்னவளையும் வலப்பக்கம் பெரியவளையும் இருத்தி, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டாள். போனில் வெளிச்சம் போட்டுக் கட்டில்மேல் வைத்தாள். ஓரத்தில் சார்ஜ் சிவப்பாகிக்கொண்டிருந்தது. இடக்கையை ஒரு நிமிடம் விட்டு, கணவனை அழைத்தாள்.

"ஏங்க, எப்ப வருவீங்க?"

"இந்த மழையில எப்படி வர்றது? கொஞ்சம் விடட்டும். கரண்ட் போச்சா அங்க? பாப்பா பயப்படுறாளா?"

"ரெண்டு பேரும் எங்கிட்டதான் இருக்காங்க."



"ரெண்டு பேரா?" என்றான். "யார் வந்திருக்கா வீட்டுக்கு?"

"என்ன பேசறீங்க நீங்க? நம்ம பொண்ணுங்க. நம்ம ரெண்டு பொண்ணு."

"ஏய், உனக்கு உடம்பு சரியில்லையா? நமக்கு எங்க…"

போன் அணைந்தது. அதோடு வெளிச்சமும்.

அவள் உடனே இடப்பக்கம் கையை நீட்டினாள். சின்னவளின் கை தானாக வந்து அவள் உள்ளங்கைக்குள் புகுந்துகொண்டது. வலக்கை பெரியவளை விடவே இல்லை. இரண்டு கைகள். சிறிய கைகள். சூடான கைகள். இருவரையும் உடம்போடு நெருக்கிக்கொண்டாள்.

"ஏதாவது பேசிட்டே இரு," என்றாள் பெரியவளிடம். "நிறுத்தாம பேசு. அம்மாவுக்குக் கேட்டுட்டே இருக்கணும்."

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தி வேணா."

அதைவிட நல்ல வேலை பெரியவளுக்குக் கிடைக்காது. பள்ளியில் ஒருத்தி பென்சிலை மூக்கில் விட்டுக்கொண்டது, டீச்சர் கத்தியது, பிறகு டீச்சரே சிரித்தது, அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குரலைக் கயிறுபோல் பிடித்துக்கொண்டு அவள் இருட்டைப் பார்த்தாள். நாற்காலிமேல் துணிக்குவியல். அலமாரியின் விளிம்பு. கதவு இருக்கும் இடம். அந்த இடம் மற்ற இருட்டைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது.

மழை நின்றது.

ஓய்ந்து, தூறலாகி, சொட்டுச் சொட்டாகி நின்ற நிற்பு அல்ல. நடுவில் நின்றது. கூரைத் தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தமும் நின்றது. தெருவில் வண்டிச் சத்தம். நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ மேசையை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நின்றது.

"…அப்புறம் அவ பென்சில் வெளிய வந்ததும் டீச்சர் சொன்னாங்க, இனிமே யாராவது…"

நின்றது.

"சொல்லுடி," என்றாள் அவள். "அப்புறம் என்ன சொன்னாங்க?"

பதில் இல்லை.

"அம்மாவைப் பயமுறுத்தாத. பேசு."

இல்லை.

வலக்கையை இறுக்கினாள். உள்ளங்கைக்குள் இருந்த கை, ஒரு கணம் கழித்து, திருப்பி இறுக்கியது. அப்பாடா. இருக்கிறாள். பயத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள். அவ்வளவுதான். கண்ணில் நீர் முட்டியது. விடமாட்டேன் என்று அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழங்கை வரவேண்டிய இடத்தைத் தாண்டியும் வந்துகொண்டிருந்தது.

இடப்பக்கம் சின்னவள் அசைந்தாள். எப்போதும் பேசாத சின்னவள் அவள் காதோடு வாயை வைத்து, மிக மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அந்தக் கையில யாரைப் பிடிச்சிருக்க?"

"அக்காடி," என்றாள். "உன் அக்கா."

"எந்த அக்கா?"

மடியில் கிடந்த கை மெதுவாக விரிந்தது. நீளமான, ஈரமான விரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அவள் மணிக்கட்டைச் சுற்றி மூடின. பிறகு இருட்டில் அவளைத் தாண்டி இன்னொரு கை, அவசரமே இல்லாமல், இடப்பக்கம் நீண்டது.